1962 ஜகார்த்தா: இந்தியக் கால்பந்தின் தடுப்பு வரிசை

1962 ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கால்பந்து அணி தங்கப் பதக்கம் வென்றது. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0–2 எனத் தோற்ற அணி இது. தாய்லாந்துக்கு எதிரான அடுத்த ஆட்டத்தில் நடுத் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கிற்குத் தலையில் அடிபட்டுத் தையல் போடப்பட்டது.

பயிற்சியாளர் சையது அப்துல் ரகீம் ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பழக்கமில்லாத காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்ற விதியுடன் அங்கு இளைஞர்களுக்குப் போட்டிகள் நடத்தியவர். எந்த இடத்திலும் ஆடக்கூடியவர்களை உருவாக்குவதே அவர் முறை. ஜகார்த்தாவில் அது கைகொடுத்தது. நடுத் தடுப்பை அருண் கோஷிடம் ஒப்படைத்து, காயம்பட்ட ஜர்னைலை முன்வரிசைக்கு அனுப்பினார்.

அரையிறுதியில் தென் வியட்நாமை இந்தியா 3–2 என வென்றது. ஜர்னைலும் ஒரு கோல் அடித்தார். செப்டம்பர் 4 அன்று இறுதியாட்டத்தில் பி. கே. பானர்ஜியும் ஜர்னைலும் ஆளுக்கொரு கோல் அடிக்க, தென் கொரியா 1–2 எனத் தோற்றது. அன்று கோல் காத்த பீட்டர் தங்கராஜ், முன்வரிசை ஆட்டக்காரராகத் தொடங்கிப் பின்னர் கோல் காவலரானவர். மதராஸ் ரெஜிமென்ட் மைய அணிக்கு ஆடியவர்.

ரகீம் 1963 சூன் மாதம் காலமானார். ஒருவர் விழுந்தால் அவரிடத்தில் நிற்க மற்றொருவரை முன்கூட்டியே பழக்கி வைத்ததே இவ்வெற்றியின் அடித்தளம் எனலாம்.