ஊசிமுனையும் குருதியோட்டமும்

நோவு என்பது ஓட்டத்தடையின் விளைவு என்பது பண்டைச் சீன மருத்துவத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாகும். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் தொகுக்கப்பெற்ற 'மஞ்சட் பேரரசரின் உள்நூல்', உடலெங்கும் பரந்த வழிகளினூடே குருதியும் 'சி' எனும் உயிர்ப்பாற்றலும் இயங்குகின்றன என்றும், அவ்வியக்கம் தடைப்படுமிடத்து நோய் தோன்றும் என்றும் கூறும். அத்தடையை நீக்கும் கருவியே ஊசி.

இம்மருத்துவம் தன் தாயகத்தில் என்றும் போற்றப்பட்டதென எண்ணுதல் பொருந்தாது. 1822ஆம் ஆண்டில் தாவோகுவாங் பேரரசர் அரச மருத்துவக் கழகத்தின் அக்குபங்சர் பிரிவை மூடுவித்தார். 1929இல் குவோமின்டாங் அரசின் சுகாதாரக் குழு பழைய மருத்துவம் முழுவதையுமே ஒழிக்க முற்பட்டு, மருத்துவர்களின் எதிர்ப்பினாற் பின்வாங்க நேர்ந்தது. 1949இன் பின் வந்த ஆட்சி அதனை ஆதரித்தமைக்கு மரபுப்பற்று மட்டும் காரணமன்று. நாட்டுப்புறத்துப் பெருந்திரளான மக்களுக்கு மேனாட்டு மருத்துவம் கற்றோர் மிகச் சிலரே இருந்தனர்.

மேலைநாட்டார் கவனத்தை இது ஈர்த்தது 1971 ஜூலையிலாகும். பீக்கிங்கில் குடல்வால் அகற்றப்பெற்ற 'நியூயோர்க் ரைம்ஸ்' எழுத்தாளர் ஜேம்ஸ் ரெஸ்டன், பின்னர் தோன்றிய வயிற்று வேதனைக்கு ஊசியேற்றப்பட்டதைத் தம் பத்திரிகையில் விவரித்தார். அறுவையே ஊசியின் துணையால் நிகழ்ந்ததென எழுதுவோர் இன்றும் உளர். வழக்கமான மருந்தேற்றியே அறுவை நடந்ததென அவரோ தெளிவாகவே எழுதியிருந்தார்.

பின்னர் இவ்விடயம் ஆய்வுகூடத்தை அடைந்தது. 1975இல் அபர்டீனில் ஹியூஸ், கொஸ்டர்லிட்ஸ் ஆகிய இருவரும் மூளை தானே சுரக்கும் அபின் நிகர்த்த பொருள்களைக் கண்டறிந்தனர். அபினின் செயலைத் தடுக்கும் நலொக்சோன் என்னும் மருந்து, ஊசியால் விளையும் நோவுத் தணிவையும் குறைப்பதாக அடுத்த ஈராண்டுகளில் எலிகளிலும் மனிதரிலும் செய்த சோதனைகள் காட்டின. மூளையின் பங்கு இவ்வாறு ஓரளவு புலனாயிற்று. ஊசி தைத்த தசையில் நிகழ்வது யாது என்ற வினாவோ எஞ்சியிருந்தது.

இதற்கு அடிப்படை முன்னரே இடப்பட்டிருந்தது. பிரித்தானிய மருத்துவ அறிஞர் தோமஸ் லூயிஸ் 1931இல், கையின் குருதியோட்டத்தைத் தடுத்துத் தசையை இயக்கச் செய்தபோது கடும் நோவு எழுவதையும், ஓட்டத்தை விட்டவுடன் அது விரைவில் மறைவதையும் காட்டினார். குருதி கிடையாத தசையிற் சேரும் கழிவுப்பொருளே நோவைத் தூண்டுகிறது என்பது அவர் முடிபு. ஊசியோ மெல்லிய நரம்பிழைகளைத் தூண்டுகிறது. அவற்றின் முனைகளிலிருந்து வெளிப்படும் பொருள்கள் நுண்ணிய குருதிக்கலன்களை விரியச் செய்கின்றன. 2003இல் சுவீடனில் ஒளிக்கதிர் கொண்டு செய்யப்பட்ட அளவீட்டில், ஆரோக்கியமானோரின் காற்றசையில் ஆழமாக ஊசியை ஏற்றித் திருகியபோது குருதியோட்டம் தெளிவாக உயர்ந்தது. தோலின் கீழ் மட்டும் இட்டபோது அத்தகைய உயர்வு காணப்படவில்லை. நெடுநாட் தசைநோவுடையோரிடமோ மேலோட்டமான ஊசியும் ஓட்டத்தைப் பெருக்கிற்று.

இவற்றைக் கண்டு, பண்டைய சீனர் கூறியதையே விஞ்ஞானம் மெய்ப்பித்துவிட்டது என்பாருளர். இக்கூற்று ஏற்கத்தக்கதன்று. லூயிஸ் கண்ட தடை குருதிக்கலனில் உள்ளது. உள்நூல் கூறும் வழிகளையோ 'சி'யையோ எந்த அளவீடும் காட்டவில்லை. சொல் ஒன்றாயிருத்தலால் பொருளும் ஒன்றாகிவிடாது.

2007இல் வெளிவந்த ஜேர்மன் ஆய்வு இவ்விடத்து நோக்கற்பாலது. முதுகுவலியுற்ற 1162 பேரில், ஆறு மாதங்களின் பின் முன்னேற்றம் கண்டோர் முறைப்படி ஊசியேற்றப்பெற்றோரில் 47.6 வீதம், வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 27.4 வீதம். ஆனால் உரிய புள்ளிகளை விலக்கி மேலோட்டமாகப் போலி ஊசி இடப்பெற்றோரிலும் 44.2 வீதத்தினர் முன்னேறினர். புள்ளிகள் பொருளற்றவை, நோயாளியின் நம்பிக்கையே மருந்து என ஒரு சாரார் இதனை விளக்குவர். போலி ஊசியும் ஊசியே, அதுவும் நரம்பையும் குருதியோட்டத்தையும் தூண்டுகிறது என்பர் மறுசாரார். சுவீடன் அளவீடுகள் இரண்டாவது கூற்றுக்கு ஓரளவு வலுவூட்டுகின்றன. எனினும் அக்கூற்றை ஏற்பின், நூற்றுக்கணக்கான புள்ளிகளைக் குறித்த பண்டைய வரைபடங்களுக்குத் தேவை என்ன என்னும் வினாவுக்கு மறுசாராரே விடையளித்தல் வேண்டும்.