உப்புக் கிணற்றோரத்து உறைப்புக் கறி

விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, பெரட்டுக்குப் போகுமுன் சோறும் கறியும் ஆக்கி, பிள்ளைகளுக்கும் கட்டிக் கொடுத்துவிட்டு ஓடிய தோட்டத்துத் தாய்மார்களை நாம் அறிவோம். மசாலை அரைத்துக் குழம்பு கொதிக்க வைப்பதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது. மற்ற நாள்களில் குவாலியைக் காய வைத்து, கையில் இருப்பதை வெட்டிப் போட்டு, இரண்டு மிளகாயோடு பிரட்டி இறக்கிவிட வேண்டியதுதான். (பெரட்டு என்பது ஆங்கிலேயரின் 'பரேடு' நம் வாயில் பட்ட பாடு. அந்தப் பெரட்டுக்கும் இந்தப் பிரட்டலுக்கும் உறவில்லை. இரண்டும் ஒரே விடியற்காலையில் வந்து நின்றன, அவ்வளவே.)

இன்று அத்தகைய பிரட்டல் ஒன்றின் வரலாற்றைப் பேசவிருக்கிறோம். மாட்டிறைச்சியை மெல்லிதாக அரிந்து, காய்கறியும் மிளகாயும் சேர்த்துப் பெருந்தீயில் வதக்கும் கறி அது. மாட்டிறைச்சியா என்று முகம் சுளித்து வானொலியை மூடப் போகிறவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். இந்தப் பேச்சுக்கு ஒரு காரணம் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் படித்துக் கொடுத்த ஒரு வகுப்பில், ஓய்வு நேரத்தில் ஒரு பையன் தன் சோற்று டப்பாவைத் திறந்தான். உள்ளே மாட்டுக்கறி. பக்கத்தில் இருந்த பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்கள். ஒருவன் வாயிலிருந்து சாதிப் பெயரும் வந்தது. நாம் என்ன செய்தோம்? அந்தப் பையனை அழைத்து, "இனி இதைப் பள்ளிக்குக் கொண்டு வராதேப்பா" என்றோம். அவன் டப்பாவை மூடினான். அன்று சாப்பிடவே இல்லை. மறுநாளிலிருந்து வெறும் சோறும் சம்பலும் கொண்டு வந்தான். சாதிப் பெயரைச் சொன்ன பிள்ளையிடம் நாம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அன்று அந்த வகுப்பில் சொல்லத் தவறியதையே இன்று சொல்கிறோம்.

முதலில் சமைக்கும் முறையைப் பார்ப்போம். நமக்கும் வறுவல் உண்டு, பொரியல் உண்டு. ஆயினும் பெருந்தீயில் சிறு துண்டுகளைச் சில நிமிடங்களில் வதக்கி இறக்கும் முறை சீனருடையது. 6ஆம் நூற்றாண்டில் ஜியா ஸிஸியே என்பவர் எழுதிய உழவு நூல் ஒன்றில், முட்டையை உடைத்துக் கலக்கி, வெங்காயத் தாளும் உப்பும் புளித்த சோயா அவரையும் சேர்த்து, நல்லெண்ணெயில் வதக்கும் குறிப்பு இருக்கிறது. நம் முட்டைப் பொரியலுக்கு அது எவ்வளவு நெருக்கம் பாருங்கள்! பின்னர் 10ஆம் நூற்றாண்டில் தொடங்கிய சோங் அரசர் காலத்தில் இரும்பு உற்பத்தி பெருகிற்று. இறைச்சியைச் சிறிதாக அரிந்தால் விரைவில் வேகும், விறகும் மிச்சமாகும்.

அடுத்தது மிளகாய். அது நம் நாட்டுப் பொருளும் அன்று, சீனருடையதும் அன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. 1492இல் மிளகைத் தேடிப் புறப்பட்ட கொலம்பஸ் கண்டது இதைத்தான். 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையை அடைந்தார். 1510இல் கோவாவும் 1511இல் மலாக்காவும் போர்ச்சுக்கீசியர் கைக்குப் போயின. அவர்கள் திறந்த கடல்வழியில் மிளகாயும் ஆசியா முழுவதும் பரவிற்று. பெயர் வைத்த விதத்தைக் கவனியுங்கள். உறைப்புக்கு அதுவரை மிளகையே அறிந்திருந்த நாம், மிளகு போன்ற காய் என்று 'மிளகாய்' என்றோம். மிளகை 'லாடா' என்னும் மலாய்க்காரர், பல ஊர்களில் மிளகாயையும் 'லாடா' என்றே அழைக்கிறார்கள். சீனரோ 'அயல்நாட்டு மிளகு' என்று பொருள்படப் பெயரிட்டனர். 1591இல் ஹாங்சோ நகரத்துக் காவ் லியன் தம் நூலில் அதை அழகுக்கு வளர்க்கும் செடியாகவே குறித்தார். சமையலுக்கு அதை முதலில் பெரிதாக எடுத்துக்கொண்டவர்களுள் ஏழைகளும் இருந்தனர். மலைப்பாங்கான குவேசோ மாநிலத்தில் உப்பு கிடைப்பது அரிது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மக்கள் உப்புக்குப் பதிலாக மிளகாயைப் பயன்படுத்தினர் என்று ஊர்க் குறிப்பேடு கூறுகிறது. உப்பில்லாத சோற்றை எதைக் கொண்டாவது விழுங்க வேண்டுமல்லவா?

இனி மாட்டுக்கு வருவோம். சீனர் எதையும் உண்பர் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது தவறு. உழவு மாட்டைக் கொல்வதைச் சீனச் சட்டங்கள் பல நூற்றாண்டுகள் தடுத்து வந்தன. 653ஆம் ஆண்டின் தாங் அரசச் சட்டத்தில், ஒருவன் தன் சொந்த மாட்டைக் கொன்றாலும் ஓராண்டுக் கட்டாய உழைப்புத் தண்டனை உண்டு. நமக்காக உழைத்த விலங்கை உண்பது நன்றி கெட்ட செயல் என்ற எண்ணமும் வேரூன்றியது. குவான் யின் அம்மனை வணங்கும் சீனர் பலர் இன்றும் மாட்டிறைச்சியைத் தொடுவதில்லை. நம் நாட்டிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் தீட்டும் நமக்கு இது புரியாத செய்தியன்று.

அப்படியானால் மாட்டிறைச்சிப் பிரட்டல் எங்கிருந்து வந்தது? பிரட்டிய மாட்டிறைச்சி சீனாவில் பல ஊர்களில் உண்டு. உறைப்புக் கறிக்குப் பேர் போன இடங்களுள் ஒன்று, சிச்சுவான் மாநிலத்துச் சிகோங். கடலுக்கு வெகு தொலைவில் உள்ள அவ்வூரில் நிலத்தைத் துளைத்து உப்புநீர் எடுத்தார்கள். அங்கே ஷென்ஹாய் என்னும் கிணறு 1835இல் 1,001 மீட்டர் ஆழத்தை எட்டியது. கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் உயரம் 452 மீட்டர். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே இறக்கினாலும் அடியைத் தொடா! அந்த ஆழத்திலிருந்து மூங்கில் குழாய் வாளியில் உப்புநீரை மேலே இழுக்கப் பெரிய உருளைகளைச் சுற்றியவை எருமைகள். அவை ஆயிரக்கணக்கில் இருந்தன. சுற்றிச் சுற்றி உழைத்து ஓய்ந்தபின் அவற்றை அறுத்தார்கள். அந்த மலிவான முரட்டு இறைச்சிதான் கிணற்றுத் தொழிலாளிக்குக் கிடைத்தது. உப்புக்குக் குறைவில்லை. மிளகாயும், நாக்கை மரக்கச் செய்யும் சிச்சுவான் மிளகும் இருந்தன. அந்த வட்டாரத்து உறைப்பு மாட்டிறைச்சிக் கறிகள் இவ்வாறு உப்புக் கிணற்றுத் தொழிலாளரிடையே பிறந்தவை என்றே அங்கு வழங்குகிறது.

சட்டம் எழுதியவர் வேறு. ஓய்ந்த மாட்டின் இறைச்சியை உண்டு மறுநாள் வேலைக்குப் போனவர் வேறு. நம் தமிழ்நாட்டிலும் செத்த மாட்டை அகற்றும் வேலையைச் சிலர் தலையில் கட்டி, அதை உண்டார்கள் என்று அவர்களையே ஒதுக்கினார்கள். பழைய அகநானூற்றிலேயே ஆவின் ஊனைத் தின்ற மழவர் வருகிறார்கள். அவர்கள் அங்கே வீரர்களாகத்தான் வருகிறார்கள். உண்ணாதிருப்பது ஒரு வீட்டின் வழக்கம். அதற்கு மதிப்பு உண்டு. உண்பவனை இழிவாகப் பேசுவதற்கு அதில் என்ன இடம்?

நம் நாட்டுக்கு ஈயச் சுரங்க வேலைக்கு வந்த சீனர் பெரும்பாலும் குவாங்டொங், ஃபூஜியன் மாநிலத்தவர். அவர்கள் சமையலில் உறைப்பு குறைவு. இங்கே குவாலிக்குள் மிளகாய் நிறைய விழுந்ததற்கு மலாய்க்காரரின் சம்பலும் நம் கைப்பக்குவமும் காரணமாயின எனலாம். இன்னொன்று: இந்நாட்டுச் சந்தைகளில் உறைய வைத்து விற்கும் மாட்டிறைச்சியில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வரும் எருமை இறைச்சி. சிகோங் கிணற்றில் உழைத்ததும் எருமைதான்.

செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறோம். 300 கிராம் இறைச்சியை நாருக்குக் குறுக்கே மெல்லிதாக அரிய வேண்டும். நாரின் போக்கிலேயே அரிந்தால் மெல்ல மெல்லத் தீராது. ஒரு கரண்டிக் கிச்சாப்பு, அரைக் கரண்டிச் சோளமாவு, சிறிது எண்ணெய் சேர்த்துப் பிசைந்து கால் மணி நேரம் வைக்கவும். மாவு மேலே ஒட்டிக்கொண்டு சாற்றை உள்ளே காக்கும். குவாலி புகையும் அளவு காய்ந்ததும் எண்ணெய் விட்டு, இறைச்சியைப் பாதிப் பாதியாகப் போட்டு வதக்கி எடுக்கவும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் சூடு இறங்கி, தண்ணீர் விட்டு, வறுவல் அவியலாகிவிடும். பின்பு பூண்டு, காய்ந்த மிளகாய், கேரட், பயற்றங்காய் போட்டு, காய் மொறுமொறுப்பாக இருக்கும்போதே இறைச்சியைத் திருப்பிச் சேர்த்து ஒரு நிமிடம் பிரட்டி இறக்கலாம். மாடு உண்ணாத வீடுகளில் கோழியோ தெம்பேயோ போடலாம்; கோழி நன்றாக வெந்ததா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எதைப் போட்டாலும் தீயைக் குறைத்துவிடாதீர்கள்.