கறுப்புப் பேனா ஒன்றைப் பிரித்தறிதல்

கல்வெட்டிலும் செப்பேட்டிலும் வரலாற்றைத் தேடிப் பழகிய நாம், சட்டைப்பையில் செருகிய ஒரு சிறுபொருளிலும் அதனைத் தேடலாம். இவ்வுரைக்கு நாம் எடுத்துக்கொண்டது எபோனைட் தண்டைக் கையால் கடைந்து செய்யும் மைப்பேனா. பழுது பார்ப்பதற்காக அதனைப் பிரிப்போமானால் மூடி, மை தாங்கும் உடல், கழுத்து, முள், முள்ளின் அடியில் ஒட்டியிருக்கும் நாக்கு என ஐந்து உறுப்புகள் கிடைக்கும். ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வரலாறு உண்டு.

பழைய பேனாவைப் பிரிப்பதற்குப் பொறுமை வேண்டும். உலர்ந்த மை, கழுத்தையும் நாக்கையும் பசைபோலப் பிணைத்திருக்கும். ஆகவே முதலில் அதனைக் குளிர்ந்த நீரில் ஊறவைக்கிறோம். சுடுநீரில் இட்டால் எபோனைட்டின் கருமை பழுப்பாகிவிடும். மை கரைந்த பிறகு முள்ளையும் நாக்கையும் ஒருசேரப் பற்றி, திருகாமல் நேராக உருவ வேண்டும். நாக்கின் மேற்புறத்தில் மயிரிழை போன்ற பள்ளங்கள் தெரியும். மை கீழிறங்கவும் அதற்கு ஈடாகக் காற்று மேலேறவும் வழிசெய்பவை அவையே. இத்தகைய பள்ளங்கள் கொண்ட நாக்குக்கு அமெரிக்கரான லூயிஸ் வாட்டர்மேன் 1884ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். பள்ளம் அடைபட்டால் பேனா எழுதாது. அகன்றுவிட்டால் தாளில் மை கொட்டும். பழுதுகளுள் பெரும்பாலானவை இவ்விரண்டனுள் அடங்கிவிடுகின்றன.

உடலும் மூடியும் வேறொரு வரலாற்றைக் கூறுகின்றன. சுதேசி இயக்கக் காலத்தில் நல்ல பேனா என்றாலே அயல்நாட்டுப் பேனா என்னும் நிலை இருந்தது. 1930களின் தொடக்கத்தில் ஆந்திரப் பகுதியின் ராஜமுந்திரியில் கே. வி. ரத்னம் உள்நாட்டிலேயே பேனா கடையும் தொழிலில் இறங்கினார். அவர் செய்த பேனா காந்தியடிகளைச் சென்றடைந்தது ஒரு தமிழர் வழியாக என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். அவர் தஞ்சாவூரில் பிறந்தவரும் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தை நடத்தியவருமான ஜே. சி. குமரப்பா. அப்பேனாவைப் பயன்படுத்திப் பார்த்த காந்தியடிகள், கடைத்தெருவில் காணும் அயல்நாட்டுப் பேனாக்களுக்கு அது தக்க மாற்றாகும் என்று 1935இல் ரத்னத்துக்கு எழுதினார். இத்தொழில் இன்றும் மறைந்துவிடவில்லை. தமிழ்நாட்டின் திருவள்ளூரிலும் எபோனைட் பேனா கடைவோர் உள்ளனர்.

இனி அந்த எபோனைட்டுக்கு வருவோம். அது மரமன்று, கொம்புமன்று, ரப்பரே. ஏறத்தாழ 30 விழுக்காடு கந்தகம் சேர்த்து நெடுநேரம் சூடேற்றினால், இழுபடும் ரப்பர் கருங்காலி போல் இறுகிக் கடைசலுக்கு இணங்கும். 1877இல் சிங்கப்பூர்ப் பூங்காவுக்கு வந்த 22 கன்றுகளிலிருந்தும், 1888இல் அப்பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி வகுத்த பால்வெட்டு முறையிலிருந்தும் மலாயாவின் தோட்டத் தொழில் வளர்ந்தது. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் உலகில் மிகுதியாக ரப்பர் விளைவித்த நாடு மலாயாவே. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, மங்கில் பால் சேர்த்தவர்களுள் பெரும்பகுதியினர் நம் முன்னோர். ஒரு பேனாவைப் பார்த்து அதன் ரப்பர் எத்தோட்டத்தது என்று கூற இயலாது. எனினும் அக்காலத்து எபோனைட்டை மலாயாவை மறந்து பேச முடியாது. அப்பாலை எடுத்தவர்களுள் பலர், கிராணி நீட்டிய ஏட்டில் பெருவிரல் ரேகை பதித்தே கூலி பெற்றனர். பேனாவுக்குப் பொருள் தந்த கைக்குப் பேனா பிடிக்கும் வாய்ப்பு அமையவில்லை. நம் தமிழ்ப் பள்ளிகளின் வரலாற்றை இந்த இடத்திலிருந்தும் தொடங்கலாம்.

இறுதியாக, மெருகேற்றுதல் பற்றி ஒரு சொல். வெயிலும் ஈரமும் பட்ட எபோனைட் காலப்போக்கில் பழுப்பேறும். நுண்மணல் தாளால் தேய்த்து மெழுகிட்டால் பேனா மீண்டும் புதிதுபோல் ஒளிரும். ஆனால் தேய்ப்பது மேற்பரப்பையே அகற்றுவதாகும். உடலில் பொறித்த செய்தவர் பெயர், உடையவர் கீறிய தலையெழுத்து, விரல் பட்டுப்பட்டு மழுங்கிய இடம் ஆகியவை பழுப்போடு சேர்ந்து போய்விடும். விற்பவருக்கு அது ஆதாயம், வரலாற்றுக்கு இழப்பு.

ஆகவே நாம் கொள்ளும் நெறி எளியது. எழுதுவதைத் தடுக்கும் பழுதை நீக்குவோம். எழுதிய கையைக் காட்டும் தழும்பைத் தொடாதிருப்போம். வீட்டில் தாத்தாவின் பேனா கிடக்குமாயின், கடையில் மெருகுக்குக் கொடுக்குமுன் அதன் உடலைச் சாய்வொளியில் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அங்கே ஒரு பெயர் இருக்கக்கூடும். அதனைப் படியெடுத்து வைத்த பிறகே மற்ற வேலை.