நாகவல்லியும் எங்கள் மதினியும்

2024 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். 'மணிச்சித்திரத்தாழ்' மலையாளப் படத்தை 4கே தரத்தில் புதுப்பித்து, டால்பி அட்மாஸ் ஒலியோடு மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பேத்தி பிடிவாதம் பிடித்ததால் நானும் வீட்டுக்காரியும் போனோம். தெரிந்த கதை, டிவியிலும் எத்தனையோ தடவை பார்த்தது, ஏசியில் ஒரு தூக்கம் போடலாம் என்றுதான் நினைத்தேன். தூக்கம் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் ராத்திரி வெகுநேரம் வரவில்லை. அதற்கான காரணத்தைத்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன்.

புதிதாக வாசிக்க வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் பிறந்தது புதுச்சேரி. பள்ளிப்படிப்பு முழுக்க பிரெஞ்சு வழியில். பிறகு தமிழ்நாடு அரசுப் பணியில் எழுத்தராகச் சேர்ந்து, தக்கலைக்கு மாற்றலாகி வந்து, இந்த ஊர்ப் பெண்ணையே கட்டி, இங்கேயே தங்கிவிட்டேன்.

இந்தப் படத்துக்கும் நம்ம ஊருக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரிந்ததுதான். இயக்குநர் பாசில் இதற்கு முன்பே 'வருஷம் 16' படத்துக்காகப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு வந்தவர். கார்த்திக்கையும் குஷ்புவையும் பார்க்கத் தக்கலையிலிருந்து நடந்தே போனவர்கள் இதை வாசிக்கிறவர்களில் இருப்பீர்கள். 1993 டிசம்பரில் வெளிவந்த 'மணிச்சித்திரத்தாழ்' படத்தின் மாடம்பள்ளித் தறவாடு நிஜத்தில் ஒரு வீடு இல்லை. திருப்பூணித்துறை ஹில் பேலஸும் நம் பத்மநாபபுரமும் சேர்ந்துதான் அந்த வீடு. கதை மது முட்டம். பாசிலோடு பிரியதர்ஷன், சிபி மலையில், சித்திக்–லால் ஆகியோரும் தனித்தனிக் குழுக்களாகப் படம்பிடித்தார்கள். சோபனாவுக்கு அந்த ஆண்டின் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது.

கதையை மறந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நகுலனும் அவன் மனைவி கங்காவும் பழைய தறவாட்டு வீட்டில் வந்து தங்குகிறார்கள். நாலுகெட்டு வீட்டின் தெற்குப் பகுதிக்குத் தெக்கினி என்று பெயர். அந்தத் தெக்கினி பூட்டிக் கிடக்கிறது. அந்தக் காலத்தில் சங்கரன் தம்பி என்ற காரணவர் தஞ்சாவூரிலிருந்து நாகவல்லி என்ற நாட்டியக்காரியைக் கொண்டுவந்து வைத்திருந்தார். அவளுக்கு எதிர்வீட்டு ராமநாதன் மேல் காதல். அது தெரிந்த காரணவர் ஒரு துர்க்காஷ்டமி ராத்திரி அவளை வெட்டிக் கொன்றார். கங்கா பூட்டைத் திறக்கிறாள். அதன்பின் நடப்பதையெல்லாம் பேயின் வேலை என்று வீட்டார் நினைக்க, அமெரிக்காவிலிருந்து வரும் டாக்டர் சன்னி (மோகன்லால்) அது கங்காவின் மனநோய் என்று கண்டுபிடிக்கிறார்.

எங்கள் வீட்டில் இதன் பழைய விசிடி ஒன்று உண்டு. இருட்டுக் காட்சிகள் அதில் கரித்துணி மாதிரித்தான் தெரியும். புதுப்பித்த பிரதியில் பூட்டின் சித்திர வேலை தெரிந்தது, உத்தரத்து மரத்தின் ரேகை தெரிந்தது. எல்லாவற்றையும்விட, சோபனாவின் கண்ணில் பயம் தெரிந்தது. முப்பது வருஷமாக நான் பார்த்தது பயமுறுத்துகிற கண். இந்தத் தடவைதான் அது பயந்துபோன கண் என்று பட்டது.

இனி அரண்மனைக்கு வருவோம். கல்குளம் தாலுகா ஆபீஸில் நான் வேலை பார்த்த நாட்களில் விருந்தாளி யார் வந்தாலும் அங்கே கூட்டிக்கொண்டு போவேன். 1601 வாக்கில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் தொடங்கிய கட்டடம். 1750 வாக்கில் மார்த்தாண்டவர்மா விரித்துக் கட்டி, கல்குளம் என்ற பெயரைப் பத்மநாபபுரம் என்று மாற்றினார். தர்மராஜா காலத்தில் 1795-ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனது. 1956 நவம்பர் 1-ல் கல்குளம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனாலும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் கையிலேயே இருக்கிறது. தமிழ் மண்ணில் ஒரு மலையாள வீடு. படத்திலோ மலையாள வீட்டுக்குள் ஒரு தமிழ்ப் பெண்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மலையாளப் படத்தில் பேய் தமிழ் பேசுகிறது. அவளுடைய நாட்டியப் பாட்டில் வரும் தமிழ் வரிகள் வாலி எழுதியவை. இதே கதை 2004-ல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' ஆனது, 2005-ல் தமிழில் 'சந்திரமுகி' ஆனது. இரண்டிலும் பேய் தெலுங்கு பேசியது. 2007-ல் இந்தியில் 'பூல் புலையா' வந்தபோது வங்காளம் பேசியது. எந்த ஊரிலும் பேய் தன் பாஷை பேசுவதில்லை, பக்கத்து ஊர்க்காரியாகத்தான் இருக்கிறாள். பயத்தை வெளியூர்க்காரியின் தலையில் கட்டிவிட்டால் நம் வீட்டுக்குள் இருப்பதைப் பார்க்க வேண்டாம் அல்லவா? இரண்டு பாஷையும் புழங்கும் நம் மாவட்டத்தில் இந்தத் தந்திரம் பலிக்காது. நாகவல்லி பேசினாலும் நமக்குப் புரியும், காரணவர் பேசினாலும் புரியும்.

நாகவல்லி மாதிரிப் பெண்களும் நாஞ்சில் நாட்டுக்குப் புதிதில்லை. கள்ளியங்காட்டு நீலி கதையை வில்லுப்பாட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். அவளும் நம்பினவனால் நகைக்காகக் கொல்லப்பட்ட ஒரு தாசிப் பெண்தான். முப்பந்தல் இசக்கியிலிருந்து தெருமுனைப் பீடம் வரைக்கும் கும்பிடுகிற எத்தனையோ இசக்கியம்மன்களின் கதையைத் தோண்டினால், அநியாயமாகச் செத்த ஒரு பெண் இருப்பாள். ஊர் செய்த பாவத்துக்கு ஊரே பீடம் கட்டி, கொடை கழித்து, அவள் கதையை விடிய விடியப் பாடி ஈடு செய்கிறது. இது நம்மவர்களின் பெரிய குணம் என்றே இத்தனை காலமும் சொல்லிவந்தேன். ஆனால் அதில் ஒரு குறை இருக்கிறது. செத்தவளுக்குப் பீடம் வைத்தோம். உயிரோடு இருந்து துன்பப்பட்டவளுக்கு என்ன கொடுத்தோம்?

என் வீட்டுக்காரியின் அக்காள், எனக்கு மதினி. பெயர் வேண்டாம். 1979-ல் அவளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து ஏழாம் நாள் தவறிப்போனது. ஒரு மாதம் வாய் பேசாமல் கிடந்தாள். பிறகு ராத்திரியில் முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு புறவாசல் கிணற்றடியில் போய் நிற்க ஆரம்பித்தாள். ஒருநாள் குரல் மாறி வேறொரு பெயரைச் சொன்னாள். அது அந்த வீட்டுக்கு அறுபது வருஷத்துக்கு முன்னால் வாழவந்து அதே கிணற்றில் விழுந்து செத்த ஒரு மருமகளின் பெயர். வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதே கிடையாது. மதினிக்கு எப்படித் தெரிந்தது என்று எல்லாரும் நடுங்கினார்கள். மாமியார்க்காரி சின்ன வயதில் எப்போதோ சொல்லியிருப்பாள், வேறென்ன? படத்தில் கங்காவும் பாட்டியிடம் பழங்கதை கேட்டு வளர்ந்தவள்தானே.

மந்திரவாதியைக் கூட்டிவந்தார்கள். மிளகாய்ப் புகை போட்டார்கள். "நீ யாருட்டீ? என்ன வேணும்? சொல்லிட்டுப் போ" என்று பிரம்பால் அடித்தார்கள். உள்ளங்கையில் சூடம் வைத்துக் கொளுத்தினார்கள். நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அலறல் கேட்டது. நான் அசையவில்லை.

எனக்குத் தெரியாமல் இல்லை, அதுதான் விஷயம். பள்ளியில் பிரெஞ்சுச் சரித்திரத்தில் லூதன் நகரத்துக் கதையை வாசித்தவன் நான். அங்கே கன்னியர் மடத்துப் பெண்களைச் சாத்தான் பிடித்ததாகச் சொல்லி, ஏவிவிட்டவர் என்று கிராந்தியே என்ற பாதிரியாரை 1634-ல் உயிரோடு எரித்தார்கள். 250 வருஷம் கழித்து, 1886-ல், அந்த மடத்துத் தலைவி ழான் தே ஆன்ழ் எழுதிவைத்த சுயசரிதையைப் பாரிஸ் டாக்டர்கள் அச்சிட்டார்கள். முன்னுரை எழுதியவர் சால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியின் புகழ்பெற்ற டாக்டர் ஷார்கோ. சாத்தான் இல்லை, 'இஸ்தெரி' என்ற நோய் என்றார்கள். அதே ஷார்கோ தன் நோயாளிப் பெண்களைச் சபை நடுவே நிறுத்திப் பாடம் நடத்தியதும் உண்டு. பெயர் மாறியது, வேடிக்கை பார்க்கிற கூட்டம் மாறவில்லை. இவ்வளவும் படித்தவன், மருமகன் முறையில் இருந்துகொண்டு மாமனார் வீட்டில் எப்படி வாய்திறப்பது என்று திண்ணையில் இருந்துவிட்டேன்.

மதினியை ஒரு வருஷம் கழித்துத்தான் திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். அதுவும் ஊருக்குத் தெரியாமல். அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் 'ஊளம்பாறை' என்பது வசவு வார்த்தை. 1870-ல் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய மனநோய் ஆஸ்பத்திரி அங்கே இருப்பதால் வந்த பேச்சு. அந்த வசவுக்குப் பயந்தே எத்தனை பேர் மருந்தில்லாமல் கிடந்தார்களோ! மாத்திரை சாப்பிட்டு மதினி தேறினாள். ஆனால் அதற்குள் புருஷன் அவளைத் தாய்வீட்டில் கொண்டுவிட்டு வேறு கல்யாணம் செய்துகொண்டான். உள்ளங்கையில் சூடம் சுட்ட வடு, 2016-ல் அவள் கண்ணை மூடும் வரைக்கும் இருந்தது. என் கையில் காபி தம்ளரைத் தரும்போதெல்லாம் அது கண்ணில் படும்.

1994-ல் மார்த்தாண்டத்தில் இந்தப் படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு இதெல்லாம் தோன்றவே இல்லை. நாகவல்லிக்குப் பயந்தேன், இன்னசென்ட்டுக்குச் சிரித்தேன், பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

இப்போது பார்க்கையில் தெரிகிறது. இவ்வளவு பெரிய பேய்ப்படத்தில் கங்காவை யாரும் ஒரு அடி அடிக்கவில்லை. படத்தில் மந்திரவாதி உண்டு, திலகன் நடித்த பிரம்மதத்தன் நம்பூதிரிப்பாடு. அவர் டாக்டரோடு சண்டைக்குப் போகவில்லை, சேர்ந்துகொள்கிறார். நாகவல்லி கேட்ட பழியை, காரணவருக்குப் பதில் ஒரு பொம்மையை வைத்துத் தீர்த்துக்கொள்ள விடுகிறார்கள். வைத்திய சாஸ்திரப்படி நோய் இப்படி ஒரே ராத்திரியில் தீராது, அது சினிமா. ஆனால் 'உனக்கு என்ன வேணும்' என்ற கேள்விக்கு, பிரம்பு இல்லாமல் பதில் கேட்டார்கள். கடைசியில் நகுலன் மனைவியைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறான். அந்த இடத்தில்தான் எனக்கு என்னவோ செய்தது.

அந்தப் படம் வந்த 1993-ல்தான், 1912-ம் வருஷத்துப் பழைய 'லூனசி' சட்டம் போய், 1987-ல் இயற்றிய மனநலச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இருந்தும் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். 2017-ம் வருஷத்துச் சட்டம்தான் மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை வெளிப்படையாகத் தடை செய்தது. கோப்புகளோடு வாழ்ந்தவன் என்பதால் சொல்கிறேன்: சட்டம் வீட்டு நடை வரைக்கும் வரும். அதற்கு உள்ளே திண்ணையில் இருப்பவன்தான் எழுந்து போக வேண்டும்.

இன்னொன்று. நாகவல்லி வருகிற துர்க்காஷ்டமி நவராத்திரியில் வருவது. அந்த நாட்களில் நம் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி ஊரில் இருப்பதில்லை. வேளிமலைக் குமாரசுவாமியோடும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையோடும் திருவனந்தபுரத்தில் கொலு இருக்கப் போய்விடுகிறாள். படத்தை எடுத்தவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள். எனக்கு மட்டும் ஒரு எண்ணம்: அறிவுக்குரிய தெய்வம் ஊரில் இல்லாத ராத்திரிகளில்தான் நாம் இப்படியெல்லாம் நடந்துகொள்கிறோமோ? சமாதானத்துக்குச் சொல்லிக்கொள்ளலாம். மதினியை அடித்தது ஆடி மாதம். சரஸ்வதி ஊரில்தான் இருந்தாள்.

தியேட்டரில் விளக்குப் போட்டதும் வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னவாக்கும்? கண்ணு நெறஞ்சிருக்கு?"

"ஒண்ணுமில்ல, ஏசி."

அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். படி இறங்கும்போது மெதுவாகச் சொன்னாள். "அக்காளுக்கும் இப்பிடி ஒருத்தன் கூட நின்னிருந்தா..."

அவள் சொன்னது மதினியின் புருஷனைத்தான். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் நின்றிருக்கக்கூடியவன் அவன் ஒருவன் மட்டும் இல்லை. நாற்பத்தைந்து வருஷம் கழித்து, எழுத்திலாவது திண்ணையை விட்டு எழுந்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாருக்காவது இப்படி என்றால், ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். 14416 என்ற எண்ணில் அரசின் இலவச ஆலோசனையும் உண்டு. அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்றுதான். உள்ளே போய், அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள்.