சேலத்துத் திண்ணையும் மோல் கணக்கும்

சேர்வராயன் மலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் காப்பியில்தான் தொடங்குவர். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்ததும், அதன் பின்னே துரைமார் பங்களாக்கள் எழுந்ததும் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. நான் இங்கு எழுத எண்ணுவது வேறொன்று. அம்மலைமேல் உள்ள வாழவந்தி போன்றதோர் ஊரின் பிள்ளை, பொறியியல் நுழைவுத் தேர்வுக்காக ஒரு வேதியியல் கணக்கைப் போடும்போது எம்மொழியில் எண்ணுகிறது? அம்மொழி அதற்கு எவ்வழியாக வந்து சேர்ந்தது?

வாழவந்தி ஏற்காடு வட்டத்து ஊராட்சிகளுள் ஒன்று. பெயரே ஒரு சிறுகதை போல இருக்கிறது. இப்பெயருடைய ஊர்கள் சமவெளியிலும் உண்டாதலால், இதிலிருந்து மலையின் வரலாற்றைப் பிழிந்தெடுக்க நான் முயலவில்லை. ஆயினும் இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தம்மை வந்தேறியவர் என்றே சொல்லிக்கொள்வர். (கேரளத்து மலையாளிகளோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளலாகாது; மலையை ஆள்வோர் என்பதே இங்குப் பொருள்; பேச்சு தமிழ்.) காஞ்சியிலிருந்து புறப்பட்ட மூன்று சகோதரர்களுள் பெரியண்ணன் சேர்வராயனிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினர் என்னும் வழக்காற்றை 1909இல் வெளிவந்த தமது பெருந்தொகுப்பில் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். இந்த அண்ணன் தம்பி முறையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னர் தேவைப்படும்.

தமிழில் வேதியியல் பேசப்பட்ட கதை கடல் கடந்து யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது. 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழ் இளைஞர்களுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். மருத்துவத்துக்கு வேதியியல் வேண்டும். அதற்கு நூல் வேண்டும். 1875இல் நாகர்கோயிலில் அச்சாகி வெளிவந்த அந்நூலின் பெயர் ‘கெமிஸ்தம்’. இப்பெயரைச் சொன்னால் என் மாணவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அது நகைப்புக்குரியதாகத் தோன்றவில்லை. அயற்சொல்லை அப்படியே வைக்காமலும், முற்றிலும் விலக்காமலும், அதன் வாலை ஒடித்துத் தமிழ் விகுதி சேர்த்துப் புழங்கவிடும் துணிவு அதில் இருக்கிறது.

அடுத்த படி சேலத்தில், இம்மலையின் அடிவாரத்தில் நிகழ்ந்தது. 1916இல் அந்நகரில் வழக்கறிஞராக இருந்த ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேர்ந்து தமிழில் அறிவியற் சொற்களை ஆக்குவதற்கென ஒரு சங்கம் நிறுவி, அதற்கென இதழும் நடத்தினர். பாரதியும் கலைச்சொல் திரட்டுவதைக் குறித்து அக்காலத்தை ஒட்டிக் கட்டுரை எழுதினார். மறு ஆண்டு, 1917இல், மலைமேல் ஏற்காட்டில் மான்ட்ஃபோர்ட் பள்ளி தொடங்கப்பட்டது. கீழே தமிழில் அறிவியலுக்குச் சொல் தேடிய ஒரு சிறு குழு. மேலே ஆங்கிலத்தில் பயிலும் விடுதிப் பள்ளி. இரண்டும் ஓராண்டு இடைவெளியில் பிறந்தன. இரண்டுக்கும் இடையே இருந்த மலையூர்களில் அப்போது எந்த மொழியிலும் வேதியியல் இல்லை.

சேலத்து முயற்சி நெடுநாள் நீடிக்கவில்லை. இருபதாண்டுகள் கழித்துச் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் ஏறத்தாழ பதினாயிரம் சொற்களைத் தொகுத்து 1938இல் ‘கலைச்சொற்கள்’ என்னும் நூலாக்கினர். அதன் பின் பாடநூல்கள், அகராதிகள், குழுக்கள். இவற்றை ஒவ்வொன்றாக விரித்தால் கட்டுரை பட்டியலாகிவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது, ராஜாஜி பின்னாளில் தாமே எழுதிய வேதியியல் அறிமுக நூலுக்கு வைத்த பெயர்: ‘திண்ணை ரசாயனம்’. சொல்லாக்கத்தில் தொடங்கியவர் திண்ணைக்கு வந்து சேர்ந்திருக்கிறார். சொற்பட்டியல் மேசைமேல் இருப்பது. திண்ணையோ இருவர் உட்கார்ந்து பேசும் இடம். வேதியியல் தமிழில் நிற்க வேண்டுமானால் அகராதி மட்டும் போதாது, அதைப் பற்றிப் பேசுவோர் வேண்டும் என்று அவர் உணர்ந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

நான் வேதியியல் படித்தவன் அல்லன். அறிவியல் மாணவர்களுக்குப் பகுதி ஒன்றுத் தமிழ் நடத்துபவன். அவர்கள் விடுதி வராந்தாவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பலமுறை நின்று கேட்டிருக்கிறேன். கேட்டவற்றுள் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

நான்கு கிராம் ஹைட்ரஜனும் பதினாறு கிராம் ஆக்சிஜனும் வினைபுரிந்தால் எத்தனை கிராம் நீர் கிடைக்கும்? இரண்டையும் கூட்டி இருபது என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. விடை பதினெட்டு. ஆக்சிஜன் அரை மோல்தான் இருக்கிறது. அது ஒரு மோல் ஹைட்ரஜனோடு சேர்ந்து தீர்ந்துவிடுகிறது. இரண்டு கிராம் ஹைட்ரஜன் வீணே எஞ்சுகிறது. இங்கே முந்தித் தீர்ந்து, விளைபொருளின் அளவை முடிவு செய்யும் பொருளை ஆங்கிலத்தில் ‘லிமிட்டிங் ரீஏஜென்ட்’ என்பர். தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புப் பாடநூல் அதை ‘வினைக்கட்டுப்பாட்டுக் காரணி’ என்கிறது. அச்சொல்லில் பிழையில்லை. ஆனால் வராந்தாவில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. “எதுடா மொதல்ல தீரும்?” என்றுதான் கேட்டுக்கொண்டார்கள். “அரிசி எட்டு ஆழாக்கு இருக்கு, உளுந்து ஒரு ஆழாக்குதான். இட்லிக்கு நாலுக்கு ஒண்ணு. எத்தனை அரிசி மிஞ்சும்?” என்றாள் ஒரு பெண். நான்கு ஆழாக்கு என்று உடனே விடை வந்தது. அடுத்த கணம் ஹைட்ரஜன் கணக்கும் முடிந்தது.

யாழ்ப்பாணத்து மருத்துவரும் சேலத்து வழக்கறிஞரும் சொற்குழுவினரும் தேடியதை இப்பிள்ளைகள் போகிறபோக்கில் செய்துவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. இக்கண்டுபிடிப்பை எந்த அகராதியும் பதிவு செய்வதில்லை. தேர்வு முடிந்ததும் மறைந்துபோகிறது.

சேர்வராயன் மலைப் பிள்ளைக்கு இன்னுமொரு வசதி உண்டு. பாடம் அதன் காலடியிலேயே கிடக்கிறது. மலையடிவாரத்தில், சூரமங்கலத்தை அடுத்து வெளுத்துக் கிடக்கும் கரடுகள் மாக்னசைட் சுரங்கங்கள். அதைச் சூளையில் சுட்டால் கரியமில வாயு நீங்கி மக்னீசியம் ஆக்சைடு எஞ்சும். எண்பத்து நான்கு கிராம் தூய கல்லுக்கு நாற்பது கிராம். எஃகு உலைகளின் உட்சுவருக்கான செங்கல் அதிலிருந்துதான் செய்யப்படுகிறது. மலையுச்சியில் இருந்ததோ பாக்சைட். அது லாரியேறி மேட்டூருக்குப் போயிற்று. 1965 முதல் அங்கே அலுமினியமாயிற்று. காஸ்டிக் சோடாவில் கரைத்து அலுமினாவைப் பிரிப்பது ஒரு படி. அலுமினாவை உருகிய கிரையோலைட்டில் கரைத்து மின்சாரம் செலுத்துவது மறு படி. இருபத்தேழு கிராம் அலுமினியம் படிய மூன்று ஃபாரடே மின்னூட்டம், அதாவது ஏறத்தாழ 2,89,500 கூலும் தேவை. நுழைவுத் தேர்வுகளில் அலுத்துப்போகும் அளவுக்குக் கேட்கப்பட்ட கணக்கு இது. மேட்டூர் ஆலையில் உற்பத்தி 2008இல் நின்றது. மலையைத் தோண்டியதன் கணக்கை எந்த வினாத்தாளிலும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

இனித் தேர்வுகளுக்கு வருவோம். ஐ.ஐ.டி.களுக்கான பொது நுழைவுத் தேர்வு 1961இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வு எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984இல் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு இருநூறு, நுழைவுத் தேர்வுக்கு நூறு என்று முந்நூறுக்குத் தரவரிசை. பயிற்சி நிலையங்கள் நகரங்களில் முளைத்தன. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குப் பேருந்து ஏறி இறங்கினால் அரை நாள் போய்விடும் என்ற நிலையில், மலைப் பிள்ளைக்கு அவை இருந்தும் இல்லாதவையே. 2005, 2006 ஆண்டுகளில் தேர்வை நீக்க நடந்த முயற்சிகள் நீதிமன்றத்தில் தடைப்பட்டன. பின்னர் மு. அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரையை ஒட்டி 2006 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம், 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. அத்தோடு மாநில நுழைவுத் தேர்வு முடிந்தது. இப்போது கணிதம் நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது என இருநூறுக்குக் கணக்கிடுகிறார்கள்.

நீக்கியது நியாயமே என்பது என் கருத்து. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே எல்லாம் என்றானபின், பல பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு அடுத்த ஆண்டுப் பாடத்துக்குத் தாவின. மோல் கணக்கு இருப்பது பதினோராம் வகுப்பின் முதல் பாடத்தில். அடித்தளம் இல்லாமல் மேல்மாடி கட்டினார்கள். “எது முதலில் தீரும்” என்று கேட்க வேண்டிய இடத்தில் விடையை மனப்பாடம் செய்தார்கள். 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தது இதற்கான மாற்று. 2025-26 முதல் அதுவும் கைவிடப்பட்டது.

மொழியின் விலை இன்னும் கொடியதாக இருந்த இடமும் உண்டு. இலங்கையில் தமிழ் மாணவர்கள் உயர்தர வேதியியலை இன்றும் தமிழிலேயே எழுதுகிறார்கள். அவர்களுக்கு அது ஐதரசன், ஒட்சிசன். அந்த வகையில் கிறீனின் விதை அங்கே மரமாயிற்று. ஆனால் 1971இல் பேராதனையில் பொறியியல் சேரத் தமிழ்வழி மாணவருக்கு நானூறுக்கு 250 மதிப்பெண்ணும், சிங்களவழி மாணவருக்கு 227ம் வேண்டும் என்று வகுத்தார்கள். தாய்மொழியில் கணக்குப் போட்டதே குற்றம்போல் ஆயிற்று. அதன் பின்விளைவுகளை வாசகர் அறிவர்.

நம் பிள்ளைகளின் தடை அத்தகையதன்று, ஓசையற்றது. தேசியத் தேர்வான ஜே.இ.இ. மெயின் 2021 முதல் தமிழிலும் நடத்தப்படுகிறது. மூன்று மணி நேரம், எழுபத்தைந்து வினாக்கள், அவற்றுள் இருபத்தைந்து வேதியியல். அதைக் கடந்தால் ஐ.ஐ.டி.க்கான ‘அட்வான்ஸ்டு’ தேர்வு. அதன் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. மலைப்பேச்சு, பாடநூல் தமிழ், வினாத்தாள் ஆங்கிலம் என மூன்று படிகளை ஒரு வினாவுக்கு இரண்டு மூன்று நிமிடங்களில் ஏறி இறங்க வேண்டும். நகரத்துப் பிள்ளைக்கு இவற்றுள் இரண்டு படிகள் இல்லை.

ஆயினும் ஏறிவிட்டார்கள். 2024இல் பச்சைமலைப் பழங்குடி மாணவி ஒருவர் ஜே.இ.இ. எழுதித் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். அவர் தேர்ந்துகொண்டது வேதிப் பொறியியல். மறு ஆண்டு, இதே சேலம் மாவட்டத்துக் கல்வராயன் மலையின் கருமந்துறைப் பகுதி மாணவி ஒருவர் ‘அட்வான்ஸ்டு’ தேர்விலும் வென்று சென்னை ஐ.ஐ.டி.க்குத் தகுதி பெற்றார். நடுவண்ணன் ஏறிய மலையிலிருந்து ஒருவர், அண்டை மலையிலிருந்து ஒருவர். அரசுப் பழங்குடியினர் பள்ளிகளின் பங்கு இதில் பெரிது. செய்தித்தாள்கள் இவர்களின் வறுமையை விரிவாக எழுதின. எனக்கோ அவர்கள் யாரோடு உட்கார்ந்து, எந்தச் சொற்களில் அந்தக் கணக்குகளைப் பேசித் தீர்த்தார்கள் என்று அறிய ஆவல்.

பெரியண்ணனின் மலையில், வாழவந்தியிலோ அதற்கடுத்த ஊரிலோ இப்போது பதினோராம் வகுப்பில் நுழையும் பிள்ளை முதல் பாடத்தைத் திறக்கும்போது, அங்கே ‘வினைக்கட்டுப்பாட்டுக் காரணி’ என்று அச்சிட்டிருக்கும். ஈராண்டு கழித்துத் தேர்வுக்கூடத்தில் அதே பொருள் ‘லிமிட்டிங் ரீஏஜென்ட்’ என்று எதிரே வரும். இரண்டுக்கும் நடுவில் எங்கேனும் ஒரு திண்ணையில், எட்டு ஆழாக்கு அரிசிக்கு ஓர் ஆழாக்கு உளுந்துதான் இருக்கிறது என்று யாரேனும் அதனிடம் சொல்லியிருக்க வேண்டும்.