தாழ்ப்பாளைத் திறந்த நாயும் சித்தப்பா வீட்டு நாயும்

போன மாசம் வேடசந்தூர் பக்கம் சித்தப்பா தோட்டத்துக்குப் போயிருந்தேன். வாசல்ல ஒரு நாய். பாதி ராஜபாளையம், மீதி என்னன்னு யாருக்கும் தெரியாது. வயசு 4. பகல் முழுக்க வேப்பமரத்தடியில சங்கிலியோட கிடக்கும். சென்னையில வேலை பார்க்கிற தம்பி அதுக்கு ஆன்லைன்ல ஒரு புதிர்ப் பொம்மை வாங்கி அனுப்பியிருந்தான். பிளாஸ்டிக் தட்டு, அதுல சின்னச் சின்னக் குழி, குழிக்கு மேல நகர்த்துற மூடி. மூடியைத் தள்ளினா உள்ள இருக்கிற தீனி கிடைக்கும்.

நாய் மோந்து பார்த்துச்சு. முன்னங்காலால ஒரு தடவை தொட்டுச்சு. அப்புறம் எங்க மூஞ்சியைத் திரும்பிப் பார்த்துட்டுப் படுத்துருச்சு.

"ஏப்பா டாக்டரு, இதெல்லாம் வெளிநாட்டு நாய்க்குத்தான். நம்ம நாய்க்கு மூளை அந்தளவுக்கு ஓடாதுப்பா"ன்னு சிரிச்சுக்கிட்டே பொம்மையை எடுத்துப் பரண்ல போட்டுட்டார் சித்தப்பா.

அந்த நாய்க்கு நிஜமாவே மூளை ஓடலையா, இல்ல விஷயம் வேறயா? திண்டுக்கல் திரும்புற பஸ்ல இதே யோசனை. இந்தக் கேள்விக்கு 130 வருஷமா பதில் தேடியிருக்காங்க. அந்தக் கதையைத்தான் இந்த இழையில சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

கதை இங்கிலாந்துல பிரிஸ்டல் நகரத்துல ஆரம்பிக்குது. லாயிட் மார்கன்னு ஒரு பேராசிரியர். அவர் வளர்த்த ஃபாக்ஸ் டெரியர் நாயோட பேர் டோனி. வீட்டு முன்னாடி இரும்புக் கம்பி வேலி, அதுல ஒரு கேட், கேட்டுக்கு மேல் பக்கமா தூக்குற தாழ்ப்பாள். டோனி தலையால அந்தத் தாழ்ப்பாளைத் தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடிரும். பார்க்கிறவங்க எல்லாம் "என்னா அறிவு பாரு"ன்னு அசந்துதான் போவாங்க.

ஆனா மார்கன் ஆரம்பத்துல இருந்தே பார்த்துக்கிட்டு இருந்தவர். வெளிய போற ஆசையில டோனி கம்பிக்கு நடுவுல தலையை விட்டு விட்டு எடுக்கும். ஒரு நாள் தற்செயலா தாழ்ப்பாளுக்கு அடியில தலை பட்டு, கேட் திறந்துக்கிச்சு. மறுநாள் திரும்பவும் அதே தடுமாற்றம். நேரா போய் தாழ்ப்பாளைத் தூக்குற அளவுக்கு வர ஏறக்குறைய 3 வாரம் ஆச்சு. சாதாரணப் பழக்கத்தால விளக்க முடியற ஒரு செயலுக்குப் பெரிய அறிவைக் காரணமா சொல்லாதேங்கிறது 1894-ல அவர் எழுதி வெச்ச விதி. இன்னைக்கும் விலங்கு உளவியல் படிக்கிறவங்களுக்கு அது அரிச்சுவடி.

அடுத்து அமெரிக்கா. எட்வர்ட் தார்ன்டைக், இளவயசுப் பையன். கோழிக்குஞ்சு வெச்சு ஆராய்ச்சி பண்ண இடம் கிடைக்காம, தத்துவப் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ் வீட்டு நிலவறையில கோழி வளர்த்தவர். (ஜேம்ஸ் வீட்டுப் பிள்ளைங்களுக்குக் கொண்டாட்டமா இருந்திருக்கும்.) அப்புறம் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய், மரச்சட்டங்களை வெச்சு 15 புதிர்ப் பெட்டி செஞ்சார். 13 பூனை, 3 நாய். விலங்கு பெட்டிக்குள்ள, சாப்பாடு வெளிய. கயிறை இழுத்தாலோ, கட்டையைத் திருப்பினாலோ, பலகையை மிதிச்சாலோ கதவு திறக்கும். ஒவ்வொரு தடவையும் எத்தனை விநாடியில வெளிய வருதுன்னு எழுதி வெச்சார். 1898-ல ஆய்வேடு வெளிவந்துச்சு.

நேரம் படிப்படியாத்தான் குறைஞ்சுச்சு. "ஆஹா, புரிஞ்சுருச்சு"ங்கிற மாதிரி ஒரே தாவலா குறையல. அதனால இதுங்க யோசிக்கல, தட்டுத் தடுமாறிக் கத்துக்குதுங்கன்னு முடிவு பண்ணார். நல்ல பலன் கிடைச்ச செயல் மனசுல பதியும், பலன் கிடைக்காதது உதிர்ந்து போகும். அவ்வளவுதான் அவர் சொன்னது. 20-ஆம் நூற்றாண்டுல விலங்குப் பயிற்சி முழுக்க இந்த அஸ்திவாரத்து மேலதான் எழும்புச்சு.

இங்க எங்க ஊர்க்காரனா ஒரு விஷயம் சொல்லணும். திண்டுக்கல் பூட்டைப் பத்திக் கேள்விப்படாதவங்க இருக்க மாட்டீங்க. 2019-ல புவிசார் குறியீடு கிடைச்ச பூட்டு. உள்ள லீவர் லீவரா அடுக்கியிருப்பாங்க. சாவி திரும்பும்போது ஒவ்வொரு லீவரும் அதுக்கு உண்டான உயரத்துக்குச் சரியா எழும்பணும். ஒண்ணு கொஞ்சம் கூடினாலும் குறைஞ்சாலும் பூட்டு அசையாது. முக்கால்வாசி சரியா பண்ணிட்டேன்னு பூட்டுகிட்ட மார்க் கேட்க முடியாது. அடுத்தவனைத் தோற்கடிக்கத்தான் அதைச் செஞ்சிருக்காங்க.

தார்ன்டைக்கோட பெட்டியும் ஏறக்குறைய ஒரு பூட்டுதான். ஜெயிச்சா எல்லாம், இல்லேன்னா ஒண்ணுமில்ல. தம்பி அனுப்பின பொம்மை அப்படி இருக்கக் கூடாது. நாய் மூக்கால லேசா தள்ளினாலே ரெண்டு துண்டாவது உதிரணும். நாய் ஜெயிக்கணும்னே செய்யற பொருளை நாம பூட்டு மாதிரி கொண்டுபோய் அது முன்னாடி வெச்சுடறோம்.

சரி, நாய்க்கு எதுக்குப் புதிர்? சோத்தைத் தட்டுல போட்டா தின்னாதா?

1963-ல கிளென் ஜென்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர் எலிகளை வெச்சு ஒரு விஷயம் பார்த்தார். ஒரு பக்கம் கிண்ணம் நிறைய சும்மாவே தீனி. இன்னொரு பக்கம் கட்டையை அழுத்தினா அதே தீனி. வயித்துக்கு மட்டும்தான் உழைப்புன்னா கட்டைப் பக்கம் எலி போகவே கூடாது. ஆனா நிறைய எலிகள் போய் அழுத்திச் சாப்பிட்டுச்சு. அப்புறம் புறா, கோழின்னு பல உயிர்கள்ல இதையே பார்த்தாங்க. வீட்டுப் பூனை மட்டும் சும்மா கிடைக்கிறதைத் தின்னுட்டுப் படுத்துக்கிச்சு. பூனை வளர்க்கிறவங்க யாருக்கும் இதுல ஆச்சரியம் இருக்காது. நாய் ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. உழைச்சுச் சாப்பிடறதைத் தேடிப் போகாது, ஆனா கொடுத்தா செய்யத் தயாரா இருக்கும்.

1970-கள்ல அமெரிக்காவுல போர்ட்லண்ட் மிருகக்காட்சி சாலையில ஹால் மார்கோவிட்ஸ் இதையே கூண்டு விலங்குகளுக்குக் கொண்டு வந்தார். கிப்பன் குரங்குகள் நெம்புகோலை இழுத்துத் தங்களோட சாப்பாட்டைத் தாங்களே வரவழைக்கிற மாதிரி ஏற்பாடு. சும்மா உட்கார்ந்திருந்ததுங்க ஓடியாட ஆரம்பிச்சுதுங்க. கிட்டத்தட்ட அதே காலத்துல கொலராடோவுல ஜோ மார்க்கம்னு ஒருத்தர். அவரோட ஜெர்மன் ஷெப்பர்ட் ஃப்ரிட்ஸ், கல்லைக் கடிச்சே பல்லைத் தேய்ச்சுக்கிட்டு இருந்துச்சு. அவர் ஃபோக்ஸ்வேகன் வேனைப் பிரிச்சு வேலை பார்க்கும்போது வெளிய வந்த ரப்பர் உதிரிபாகம் ஒண்ணை நாய் கவ்விக்கிச்சு, விடவே இல்ல. உள்ளே தீனி அடைச்சுக் கொடுக்கிற 'காங்' ரப்பர் பொம்மை பிறந்தது அங்கதான்.

நம்ம பக்கம் கதை வேற. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாமே திண்டுக்கல்லுக்குத் தெற்கயும் மேற்கயும் உள்ள சமவெளியிலயும் மலையடிவாரத்துலயும் உருவான நாய்கள். ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை இருந்துச்சு. சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைத் துரத்தின நாய்கள். ராஜபாளையமும் கோம்பையும் காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் போனதுங்க. மோப்பம் பிடி, துரத்து, வழி மறி, காத்திரு, முடிவெடுன்னு நாள் முழுக்க மூளைக்கு வேலை. 1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, வேட்டை நின்னுச்சு. அது சரியான சட்டம், அதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல. ஆனா நாய்ங்க கையில இருந்த வேலை போயிருச்சு. 2005-ல ராஜபாளையத்துக்குத் தபால்தலை வெளியிட்டாங்க. 2020-ல பிரதமர் வானொலிப் பேச்சுல இதுங்க பேரைச் சொன்னார். பெருமை எல்லாம் வந்துச்சு, வேலை மட்டும் வரல. துரத்தப் பிறந்த உடம்பு ஆறடிச் சங்கிலியில கிடக்கு.

இப்ப நான் இந்த இழையை எழுதக் காரணமான இடத்துக்கு வரேன்.

1967. பென்சில்வேனியா பல்கலைக்கழகம். மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் மாணவர்கள். நாய்களைத் தொட்டில் மாதிரி துணியில கட்டி மின்சார அதிர்ச்சி கொடுத்தாங்க. ஒரு குழு நாய்கள் தலையால பக்கத்துப் பலகையை அழுத்தினா அதிர்ச்சி நிக்கும். இன்னொரு குழுவுக்கு அதே அளவு அதிர்ச்சி, ஆனா என்ன பண்ணினாலும் நிக்காது. மறுநாள் ரெண்டு குழுவையும் வேற பெட்டியில விட்டாங்க. நடுவுல ஒரு தடுப்பு, தாண்டினா அதிர்ச்சி இல்ல. முதல் குழு தாண்டிருச்சு. ரெண்டாவது குழுவுல பெரும்பாலான நாய்கள் தாண்டவே இல்ல. முனகிக்கிட்டு அப்படியே படுத்துக்கிச்சு. இன்னைக்கு எந்த எத்திக்ஸ் கமிட்டியும் இதை அனுமதிக்காது. படிக்கும்போதே வயித்தைப் பிசையும்.

நாங்க மருத்துவக் கல்லூரியில மனச்சோர்வு பாடத்துல இதைப் படிச்சோம். 'கற்றுக்கொண்ட கையறுநிலை'. அடுத்த வருஷம், 1968-ல, அந்த நாய்களை மீட்கவும் அவங்களே முயற்சி பண்ணாங்க. தடுப்புக்கு அந்தப் பக்கம் கறித்துண்டு காட்டினாலும், கூப்பிட்டாலும் நாய் அசையல. கயிறைக் கட்டித் தடுப்புக்கு மேல இழுத்துட்டுப் போனாங்க. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, திரும்பத் திரும்ப. கொஞ்சம் கொஞ்சமா கயிறு லேசாச்சு. கடைசியில நாயே தாண்டுச்சு.

சுமார் 50 வருஷம் கழிச்சு, 2016-ல, அதே ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினாங்க. நாங்க தலைகீழா புரிஞ்சுக்கிட்டோம்னு ஒத்துக்கிட்டாங்க. நடுவுல மையர் நரம்பியல் பக்கம் போய், பெரும்பாலும் எலிகளை வெச்சு ஆராய்ச்சி பண்ணியிருந்தார். நீடிச்ச கஷ்டத்துல முடங்கிப் படுக்கிறதை யாரும் கத்துக்கிறதில்ல. மூளைத்தண்டுல செரோடோனின் சுரக்கிற செல்கள் தானா செய்யற வேலை அது. கத்துக்க வேண்டியது எதிர்ப்பக்கத்தை: 'நான் செஞ்சா ஏதாவது மாறும்'ங்கிறதை. அது பதிஞ்சா மூளையோட முன்பகுதி அந்த முடக்கத்தை அடக்கும். முன்னாடியே அந்த அனுபவம் கிடைச்ச எலிகள் பின்னாடி வந்த கஷ்டத்துலயும் முடங்கல.

சித்தப்பா வீட்டு நாய்க்கு யாரும் ஷாக் கொடுக்கல. பாசமா சோறு போடறாங்க. ஆனா 4 வருஷமா அது செஞ்ச எதனாலயும் எதுவும் மாறல. குரைச்சாலும் சோறு ராத்திரி எட்டு மணிக்கு, குரைக்காட்டியும் எட்டு மணிக்கு. இழுத்தாலும் ஆறடி, இழுக்காட்டியும் ஆறடி. ஆராய்ச்சிக்கூடத்து நாயும் இதுவும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல. ஆனா இது மூளை இல்லாத நாய்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி, தான் செஞ்சு ஒரு விஷயம் நடந்துச்சுங்கிற அனுபவம் இதுக்கு எத்தனை தடவை கிடைச்சிருக்குன்னு எண்ணிப் பார்க்கணும் இல்லையா?

எங்களைத் திரும்பிப் பார்த்துச்சே, அதுக்கும் ஆய்வு இருக்கு. 2003-ல புடாபெஸ்ட்ல ஆடம் மிக்லோஷி குழு, மனுஷங்க வளர்த்த ஓநாய்க்கும் நாய்க்கும் திறக்கவே முடியாத ஒரு புதிரைக் கொடுத்தாங்க. ஓநாய் பெட்டியோடயே மல்லுக்கட்டுச்சு. நாய் சீக்கிரமே மனுஷன் மூஞ்சியைப் பார்த்துச்சு. அது உதவி கேட்கிற பார்வை. நாம அதைத் தோல்வின்னு நினைச்சுப் பொம்மையை எடுத்துட்டோம்.

இன்னொண்ணு நம்ம நாட்டுலயே நடந்தது. கொல்கத்தா ஐஐஎஸ்இஆர்ல அனிந்திதா பத்ரா குழு தெருநாய்களை வெச்சுத்தான் ஆராய்ச்சி பண்றாங்க. 2017-ல வந்த ஆய்வுல, பழகின மாதிரியான புதிர்ல தெருநாய்கள் அதிகமா ஜெயிச்சுது, அதிக நேரம் முயற்சியும் பண்ணுச்சு. புதுசான புதிர்ல சீக்கிரம் விட்டுருச்சு. பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரியாணிக் கடை குப்பைப் பையைப் பிரிக்கிற நாயைப் பார்த்தவங்களுக்கு இது புரியும். அதே நாய் முன்னாடி பிளாஸ்டிக் தட்டை வெச்சா முழிக்கும்.

அதனால சித்தப்பாவுக்கு போன் பண்ணிச் சொன்னது இதுதான். பொம்மை பரண்லயே இருக்கட்டும். முதல்ல சங்கிலியை அவிழ்த்துட்டு, ராத்திரி சோத்துல இருந்தே ரெண்டு முட்டைத் துண்டை எடுத்துத் தரையில வெச்சு, மேல கொட்டாங்குச்சியைப் பாதி மூடினாப்ல கவுத்துங்க. வாசனை வரணும், துண்டு கண்ணுக்கும் தெரியணும். மூக்கு பட்டா நகரணும். நாலஞ்சு தடவை ஜெயிச்ச பிறகு முழுசா மூடுங்க. அடுத்து பழைய துண்டுல தீனியை உருட்டி வைங்க. அப்புறம் அட்டைப் பெட்டி. தட்டு கடைசியா, மூடி எல்லாம் திறந்த நிலையில. பட்டினி போட வேண்டாம். உங்களைத் திரும்பிப் பார்த்தா, பக்கத்துல உட்கார்ந்து நீங்களே லேசா தூக்கிக் காட்டுங்க, எடுத்துட்டு மட்டும் போயிராதீங்க. பத்து நிமிஷம் போதும். கொட்டாங்குச்சியைக் கடிக்க விடாதீங்க, சில்லு தொண்டையைக் கிழிக்கும். வெங்காயம், சமைச்ச எலும்பு, திராட்சை கூடவே கூடாது.

டாக்டரா ஒரு வார்த்தை: நாய் தீனியோட இருக்கும்போது சின்னப் பிள்ளைங்களைக் கிட்ட விடாதீங்க. கடிபட்டா, சொந்த நாயா இருந்தாலும், 15 நிமிஷம் ஓடுற தண்ணியில சோப்புப் போட்டுக் கழுவிட்டு அன்னைக்கே ஊசிக்கு வாங்க. தடுப்பூசி போட்ட நாய்தானேன்னு வீட்டுல உட்கார்ந்திருக்காதீங்க.

முதல் ரெண்டு நாள் ஒண்ணும் நடக்கலைன்னார் சித்தப்பா. மூணாவது நாள் கொட்டாங்குச்சி நகர்ந்துச்சு. தட்டு இறங்கறதுக்கு மூணு வாரம் ஆச்சு, கிட்டத்தட்ட டோனிக்கு ஆன அளவு. நேத்து சித்தப்பா போன் பண்ணார். குரல்ல பாதி புகார், பாதி வேற என்னமோ.

"ஏப்பா, அது இப்ப மாட்டுக்கொட்டகைத் தாழ்ப்பாளை மோந்து மோந்து பார்த்துக்கிட்டு நிக்குது. வரும்போது டவுன்ல நல்ல பூட்டா ஒண்ணு வாங்கிட்டு வா."