களிமண் எழுதிய சரித்திரம்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் பக்தர்களுக்கு 1017-ல் அங்கே அவதரித்த இராமானுஜர் நினைவுக்கு வருவார். மற்றவர்களுக்கு மோட்டார்த் தொழிற்சாலைகள் நினைவுக்கு வரும். அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது என்பது மட்டும் யாருக்கும் நினைவில் இல்லை. இருக்க நியாயமும் இல்லை. அது நடந்து பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது!

இதற்குச் சாட்சி அந்த வட்டாரத்துக் களிப்பாறை. 1863-ல் பல்லாவரத்தில் ஆதிமனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட், இந்தப் பாறைகளையும் ஆராய்ந்து எழுதினார். பெரணி இலைகளின் அச்சும், கடல் பிராணிகளின் அச்சும் இவற்றில் அகப்பட்டன. இலை கடலில் வெகு தூரம் போகுமுன் அழுகிவிடும். ஆகவே கரை பக்கத்திலேதான் இருந்திருக்க வேண்டும்.

அந்தக் கரை எங்கே? இன்று கடல் கிழக்கே 30 கிலோமீட்டருக்கும் அப்பால் கிடக்கிறது. இங்கே வயலும் ஏரியும் தொழிற்சாலையும்தான். களிப்பாறை என்பது இறுகிய சேறு. நீர் பட்டால் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். அது கடல்முனையாக நிமிர்ந்து நிற்காது.

நிமிர்ந்து நிற்கும் பாறையைப் பார்க்க வேண்டுமானால் தென்கிழக்கே மாமல்லபுரத்துக்குப் போகவேண்டும். கருங்கல்லில் மணிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அலைக்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்ம பல்லவன் கடற்கரைக் கோயிலை எழுப்பியது அத்தகைய பாறையின் மேல். அங்கே பள்ளிகொண்ட பெருமாள்கூட அங்கேயே கிடந்த பாறையில் செதுக்கப்பட்டவர். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. கரை மணலை அள்ளிக்கொண்டு போய், புதைந்திருந்த சிற்பப் பாறைகளை வெளியே காட்டியது. கோயில் நின்றது.

ஆனால் ஒரு விசித்திரம் பாருங்கள். கருங்கல்லுக்குத் தானாக எழுதத் தெரியாது. சிற்பியின் உளி வேண்டும். அந்த எழுத்தையும் உப்புக் காற்று ஓயாமல் தேய்க்கிறது. ஒரு கரையைக்கூடத் தாங்க முடியாத களிமண்ணோ, ஓர் இலையின் நரம்பைப் பத்துக் கோடி ஆண்டு பத்திரமாக வைத்திருக்கிறது!

மாமல்லபுரத்துச் சின்னங்கள் 1984-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. கடற்கரைக் கோயிலைக் காக்க அலைக்கு எதிரே கல்லும் அடுக்கியிருக்கிறோம். நியாயந்தான். களிப்பாறைக்குக் காவல் யார்? அஸ்திவாரத்துக்குப் பள்ளம் தோண்டும்போது அது சற்று நேரம் வெளிச்சத்தைப் பார்க்கிறது. பிறகு மேலே கான்கிரீட். அதற்குள் யாராவது ஒருவர் குனிந்து, ஓர் ஏட்டையாவது பிரித்துப் பார்க்கக் கூடாதா?